கதையில் வரும் சுல்தான்களும் வரலாற்றில் வரும் சுல்தான்களும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மீலாது மேடையில் ஐனு ஜாலூத் போரைப் பற்றி நாம் பேச நேர்ந்தது. ஹிஜ்ரி 658, ரமலான் பிறை 25, கி.பி. 1260 செப்டம்பர் 3. மங்கோலியரின் தாக்குதலில் முஸ்லிம் படையின் ஓர் அணி நிலைகுலைந்த வேளையில், சுல்தான் குதுஸ் தம் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் எறிந்து, “வா இஸ்லாமாஹ்!” என்று முழங்கியவாறு பகைவர்மீது பாய்ந்தார் என்று சொன்னோம். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். பேச்சின் வேகம் நம்மை விடவில்லை. அதற்குச் சற்று முன்னர், முகத்தை மறைத்துக்கொண்டு போரிட்ட அவருடைய துணைவி ஜுல்லனார் படுகாயமுற்று வீழ்ந்ததாகவும், அன்பு மேலீட்டால் அவளை நினைத்துக் கதறிய சுல்தானை, உயிர் பிரியும் தறுவாயில் அவளே தடுத்து, இஸ்லாத்தை நினைத்துக் கதறுமாறு திருத்தியதாகவும் விரித்துரைத்தோம். கூட்டத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

பேச்சு முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த முதிய ஆலிம் ஒருவர் நம்மை அருகே அழைத்தார். “மவ்லவி, அந்த அம்மையாரின் செய்தி எந்தக் கிதாபில் வருகிறது?” என்று மெல்லக் கேட்டார். “மக்ரீஸியின் சுலூக்கில் வருகிறது ஹஜ்ரத்” என்று சற்றும் தயங்காமல் சொன்னோம். “அப்படியா, பார்க்க வேண்டும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் ‘அஸ்-சுலூக்’ நூலை எடுத்துப் புரட்டினோம். தலைக்கவசம் இருந்தது; முழக்கம் இருந்தது; வெற்றிக்குப் பின் சுல்தான் குதிரையினின்று இறங்கி முகத்தை மண்ணில் பதித்து இரண்டு ரக்அத் தொழுததும் இருந்தது. அந்தப் பெண் இல்லை. இப்னு கதீரின் ‘அல்-பிதாயா வன்-நிஹாயா’வைப் பார்த்தோம். போர்க்களத்தில் சுல்தானின் குதிரை கொல்லப்பட்டதையும், அமீர் ஒருவர் தம் குதிரையை அளிக்க முன்வந்தபோது, அவருடைய உதவியைப் படை இழந்துவிடக் கூடாதென்று சுல்தான் அதனை மறுத்துத் தரையிலேயே நின்றதையும் அவர் எழுதுகிறார். அங்கும் அந்தப் பெண் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது. மாணவப் பருவத்தில் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த ‘வா இஸ்லாமாஹ்’ என்னும் அரபு நாவலில் வருபவள் அவள். அலி அஹ்மத் பாகதீர் என்னும் எழுத்தாளரின் கற்பனையில் பிறந்தவள்.

அறிவிப்பாளர் வரிசையில் ஓர் ஆள் விடுபட்டாலும் அச்செய்தியைப் பலவீனமானது என்று ஒதுக்க வேண்டுமென மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், அறிவிப்பாளரே இல்லாத ஒரு செய்தியை, இல்லாத ஓர் ஆதாரத்தின் பெயரால் மேடையில் அரங்கேற்றிவிட்டோம். அம்முதியவருக்குக் கடிதம் எழுதிப் பிழையை ஒப்புக்கொண்டோம். மேடையின் கீழே அமர்ந்து கண்ணீர் சிந்திய நூற்றுக்கணக்கானோருக்கு யார் கடிதம் எழுதுவது?

இதனை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எந்த வரலாற்று நாவல்களைக் கொடுக்கலாம் என்று பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தாங்களும் படிக்கத் தகுந்தவை எவை என்று வினவும் பெரியவர்களும் உண்டு. நாவலே கூடாது என்று கைகழுவிவிடும் ஆலிம்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. பள்ளிவாசல்களில் கதை சொல்லி மக்களை மயக்கிய ‘குஸ்ஸாஸ்’ என்னும் கதைசொல்லிகளைப் பற்றி இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தனி நூலே இயற்றியிருக்கிறார்கள். எனினும் கதையைத் தடுத்து நிறுத்தியவர் எவருமிலர். சுல்தான் பைபர்ஸின் கதையை மட்டுமே சொல்லிப் பிழைப்போர் கெய்ரோவில் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தனர் என்று, 1836-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் எழுதினார். நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களிலும் படைப்போர் நூல்களும் கிஸ்ஸாக்களும் இராகத்தோடு ஓதப்பட்டுத்தான் வந்தன. அவற்றிலுள்ள போர்கள் அனைத்தும் நடந்தவையா என்று நம் பாட்டிமார் கேட்டதில்லை. ஆகவே, படிக்கலாமா கூடாதா என்னும் வாதத்தை விட்டு, எதை, எந்த வயதில், எப்படிப் படிப்பது என்று பேசுவதே பயனுடையது.

நூற்றுக்கணக்கான நாவல்களின் பெயர்களை அடுக்குவது நம் நோக்கமன்று. ஹிஜ்ரி 647 முதல் 658 வரை, அதாவது கி.பி. 1249 முதல் 1260 வரையுள்ள சிறு காலப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அரபு, உருது, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் நாவலாசிரியர்கள் இதனை விரும்பி எடுத்தாண்டிருக்கிறார்கள். ஒரே காலத்தைப் பலர் கையாளும்போதுதான் யார் எங்கே வரலாற்றைப் பின்பற்றினார், யார் எங்கே விலகினார் என்பது விளங்கும்.

அப்பதினோராண்டுகளில் நடந்தவை, எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்யத் துணியாதவை. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையுடன் எகிப்தில் இறங்கித் திம்யாத்தைக் கைப்பற்றிய வேளையில், அய்யூபி சுல்தான் அஸ்-ஸாலிஹ், மன்சூரா பாசறையில் 1249 நவம்பரில் காலமானார். அடிமையாக வந்து சுல்தானின் துணைவியாக உயர்ந்த ஷஜருத்துர், அம்மரணத்தை மறைத்தார். சுல்தானின் கூடாரத்துக்கு உணவு வழக்கம்போல் சென்றது. அவருடைய கையொப்பத்தைப் போன்றே இடப்பட்ட ஒப்பத்துடன் ஆணைகள் வெளிவந்தன. படைத்தலைவர் ஃபக்ருத்தீனுக்கும் அரண்மனை அலுவலர் ஒருவருக்கும் தவிர வேறெவருக்கும் தொடக்கத்தில் செய்தி தெரியாது. 1250 பிப்ரவரியில் மன்சூராப் போரில் அந்த ஃபக்ருத்தீனும் கொல்லப்பட்டார். ஆயினும் பஹ்ரீ மம்லூக்குகள் சிலுவைப் படையை முறியடித்தனர். ஏப்ரலில் லூயி மன்னரே சிறைப்பட்டு, மன்சூராவில் இப்னு லுக்மானின் இல்லத்தில் அடைக்கப்பட்டார். மே மாதத்தில், புதிய சுல்தான் தூரான்ஷா மம்லூக்குகளாலேயே கொல்லப்பட, ஷஜருத்துர் அரியணை ஏறினார்.

அவர் ஆண்டது ஏறத்தாழ எண்பது நாட்கள். நாணயம் அவர் பெயரால் அச்சிடப்பட்டது. அந்நாணயத்தில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. கலீபா முஸ்தஃஸிமுக்கும் சுல்தான் ஸாலிஹுக்கும் உரியவர், முஸ்லிம்களின் அரசி, மன்னர் மன்சூர் கலீலின் தாய் என்றே பொறிக்கப்பட்டது. கலீல் என்பவன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன அவருடைய மகன். ஆணைகளிலும் ‘கலீலின் தாய்’ என்றே ஒப்பமிட்டார். ஒரு பெண் நாடாள, இறந்த பிள்ளையின் பெயர் தேவைப்பட்டது! பக்தாதிலிருந்து கலீபாவின் ஏளனக் கடிதம் வந்தது. உங்களிடம் ஆண்கள் தீர்ந்துவிட்டனரா, நாம் ஒருவரை அனுப்பவா என்பது அதன் கருத்து. ஷஜருத்துர், அமீர் ஐபக்கை மணந்து ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். 1257-இல் ஐபக் குளியலறையில் கொல்லப்பட்டார்; அது ஷஜருத்துரின் ஏவலே என்று வரலாற்றாசிரியர் எழுதினர். சில நாட்களில், ஐபக்கின் முதல் மனைவியின் பணிப்பெண்கள் மரச்செருப்புகளால் அடித்தே ஷஜருத்துரைக் கொன்றனர். ‘முத்து மரம்’ என்பது அவருடைய பெயரின் பொருள். கெய்ரோவில் அவர் கட்டிய அடக்கவிடத்தின் மிஹ்ராபில், சிப்பி பதித்த மரம் ஒன்று இன்றும் காணப்படுகிறது.

இதே காலத்தில் கிழக்கே ஹுலாகூ 1256-இல் அலமூத் கோட்டையையும், 1258-இல் பக்தாதையும் வீழ்த்தினான். அடுத்த ஈராண்டில் ஐனு ஜாலூத். வெற்றி கண்ட குதுஸ், கெய்ரோவுக்குத் திரும்பும் வழியிலேயே பைபர்ஸும் அவருடைய தோழர்களும் சேர்ந்து கொல்ல மடிந்தார். பைபர்ஸ் அரியணை ஏறினார்.

இனி நாவல்களுக்கு வருவோம்.

முஸ்லிம் நாடுகளில் வரலாற்று நாவல் தோன்றியதற்கு ஓர் ஆங்கில நூலின்மீது எழுந்த சினமும் காரணம். வால்டர் ஸ்காட் 1825-இல் ‘தி டாலிஸ்மன்’ என்னும் நாவலை எழுதினார். மூன்றாம் சிலுவைப் போர்க்காலக் கதை. அதில் சுல்தான் ஸலாஹுத்தீன் மருத்துவர் வேடம் பூண்டு ரிச்சர்ட் மன்னரின் பாசறைக்கு வந்து அவருக்கு மருந்து தருகிறார். உண்மையில் அவ்விருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. ஸலாஹுத்தீனின் அருகிலிருந்த இப்னு ஷத்தாத், நோயுற்ற ரிச்சர்டுக்கு அவர் கனிகளும் பனியும் அனுப்பியதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தச் சிறு செய்தியே ஸ்காட்டின் மருத்துவர் வேடத்தைவிட நமக்கு இனிக்கிறது. லக்னோவைச் சேர்ந்த அப்துல் ஹலீம் ஷரர் இந்நாவலைப் படித்து மனம் புண்பட்டு, அதற்கு விடையாக 1888-இல் ‘மலிகுல் அஸீஸ் வர்ஜினா’ என்னும் உருது நாவலைத் தம் ‘தில்குதாஸ்’ இதழில் எழுதினார். ஸ்காட் ஒரு கிறிஸ்தவ இளவரசியை ஸலாஹுத்தீனோடு இணைத்துப் பேசியதற்குப் பதிலாக, ரிச்சர்டின் உறவுப் பெண் ஒருத்தி ஸலாஹுத்தீனின் மகனிடம் காதல் கொள்வதாக எழுதினார். ஒரு கற்பனைக்கு இன்னொரு கற்பனை மறுப்பாகுமா? சினம் தீர்ந்ததே தவிர வரலாறு வளரவில்லை. இதனைப் பிள்ளைகளுக்கு நாம் பரிந்துரைப்பதில்லை.

ஷரரின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது 1899-இல் வந்த ‘ஃபிர்தவ்ஸே பரீன்’ நாவலில்தான். ஹுசைன் என்னும் இளைஞனின் காதலி ஸமுர்ருத் மறைந்துபோகிறாள். அவள் சுவர்க்கத்தில் இருப்பதாக அவனை நம்பவைக்கிறார்கள். அலமூத் ஆட்சியாளர் மலைகளுக்கிடையே அமைத்த போலிச் சுவர்க்கம் அது. அவளை அடையும் வேட்கையில், தன் சொந்தச் சிறிய தந்தையாகிய பெரும் இமாமையே அவன் கொன்றுவிடுகிறான். ஆன்மீகத்தின் பெயரால் ஓர் இளைஞனின் அறிவு படிப்படியாக எவ்வாறு பறிக்கப்படுகிறது என்பதை ஷரர் சித்தரித்திருக்கும் முறை, நூற்றாண்டு கடந்தும் நம்மை நடுங்கச் செய்கிறது. இக்காலத்திற்கும் அது பொருந்தும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும் இந்நூலைப் பெரியவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம். அதுவும் ஓர் எச்சரிக்கையுடன். போலிச் சுவர்க்கத் தோட்டம் மார்க்கோ போலோவின் நூலால் உலகெங்கும் பரவிய கட்டுக்கதை. ஹுலாகூவுடன் சென்று அலமூத்தின் நூலகத்தையே பார்வையிட்ட ஜுவைனி, இஸ்மாயீலிகளின் கடும் பகைவர். அவரே அத்தகைய தோட்டம் ஒன்றைக் குறிப்பிடவில்லை. இக்கதைகள் உருவான வரலாற்றை ஃபர்ஹாத் தஃப்தரி 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். இஸ்மாயீலிகள் இன்றும் நம்மோடு வாழும் ஒரு சமூகத்தார். கொள்கையில் நமக்கு வேறுபாடு இருக்கலாம். நடவாததை நடந்ததாக அவர்கள்மீது சுமத்துவதற்கு அவ்வேறுபாடு அனுமதி தராது. பதினைந்து வயதுப் பிள்ளை இந்நாவலைப் படித்தால் தோட்டத்தை உண்மையென்றே நம்பிவிடும். நாம் ஜுல்லனாரை நம்பியதைப் போல.

அடுத்து ஜுர்ஜி ஸைதான். 1861-இல் பெய்ரூத்தில் பிறந்து கெய்ரோவில் குடியேறிய இந்தக் கிறிஸ்தவ அறிஞர், 1892-இல் ‘அல்-ஹிலால்’ இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை இருபத்திரண்டு வரலாற்று நாவல்களை எழுதினார். ஐரோப்பியரில் சிலர் கதைக்காக வரலாற்றை வளைக்கிறார்கள், தாம் வரலாற்றுக்காகவே கதையைச் சேர்ப்பதாகத் தம் முன்னுரை ஒன்றில் குறிப்பிட்டார். அவருடைய அரபு நடை தெளிவானது. மத்ரஸாவில் பழைய உரைநடையில் மட்டுமே பழகிய மாணவர்க்கு, தற்கால அரபு மொழியின் வாயிலைத் திறந்துவிட இவரைப்போல் வேறொருவர் இல்லை என்றே கூறுவோம். நமக்குத் திறந்தவரும் இவரே. கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாறு கற்பிக்க 1910-இல் இவருக்கு அழைப்பு வந்து, கிறிஸ்தவர் என்னும் எதிர்ப்பால் அது திரும்பப் பெறப்பட்டது. அது நியாயமான காரணமன்று. நியாயமான மறுப்பு நம் நாட்டிலிருந்துதான் எழுந்தது. அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்), ஸைதானின் இஸ்லாமிய நாகரிக வரலாற்றைக் குறித்து 1912-இல் அரபு மொழியிலேயே ஒரு மறுப்பு நூல் எழுதினார்கள். மேற்கோள்கள் எங்கே அரைகுறையாக எடுக்கப்பட்டன என்று அதில் எடுத்துக் காட்டினார்கள். ஆளைப் பற்றிப் பேசாமல் ஆதாரத்தைப் பற்றிப் பேசிய முறை அது.

ஸைதான் 1914-இல் வெளியிட்ட ‘ஷஜரத்துத் துர்’ நாவல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. ஷஜருத்துரின் எழுச்சியிலிருந்து பக்தாதின் வீழ்ச்சிவரை கதை நீள்கிறது. இடையே பைபர்ஸுக்கும் ஒரு பணிப்பெண்ணுக்கும் காதலை இழையோட விடுகிறார். அக்காதல் இல்லாவிட்டால் கதை குன்றிவிடும் என்று அவர் கருதியிருக்கலாம். நம் கருத்தில், அக்காதலே கதையைக் குன்றச் செய்கிறது. இறந்த கணவரின் கூடாரத்திற்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சைவிட நாவலுக்கு வேறென்ன வேண்டும்? அந்த இரவுகளில் அவர் என்ன நினைத்தார் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. கதாசிரியனுக்கு உரிய நிலம் அதுதான். ஸைதான் அதனைத் தரிசாக விட்டுவிட்டு, வரலாறு ஏற்கனவே உழுத நிலத்தில் சென்று காதற்செடி நட்டார்.

தமிழில் இந்த வரலாற்றைக் கதையாக்கியவர், ‘தாருல் இஸ்லாம்’ ஆசிரியர் பா. தாவூத் ஷா அவர்களின் மகனார் என்.பி. அப்துல் ஜப்பார். அவருடைய ‘ஷஜருத்துர்’ நம் தலைமுறையினர் பலர் வீட்டில் இருந்த நூல். கல்கியின் எழுத்தில் பல்லவரையும் சோழரையும் கண்டு வியந்த தமிழ் முஸ்லிம் வாசகருக்கு, அதே தமிழில் மிஸ்ரு நாட்டின் ஓர் அரசி நடந்து வந்தது எத்துணை மகிழ்ச்சியாக இருந்திருக்கும்! அதற்கு முன்னரே, 1885-இல், இலங்கையில் சித்திலெவ்வை எழுதிய ‘அஸன்பே சரித்திரம்’, தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே மிஸ்ரு நாட்டைக் கதைக்களத்திற்குள் கொண்டுவந்துவிட்டது. அது வரலாற்று நாவல் அன்று. ஆதலால் இங்கே விரிக்கவில்லை. அப்துல் ஜப்பாரின் நூலை இளையோர்க்கு நாம் தயங்காமல் கொடுப்போம். அரபு அறியாத வீட்டிலும் அம்மாவும் மகளும் சேர்ந்து படிக்கலாம். அரசியின் சாதனைகளை மட்டுமன்றி அவருடைய முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது மட்டும் நம் வேண்டுகோள். மரச்செருப்பை மறைத்துவிட்டு முத்து மரத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகள் வரலாற்றைக் கற்கமாட்டார்கள்.

இப்போது நம்மைத் தடுமாற வைத்த ‘வா இஸ்லாமாஹ்’ நாவலைப் பற்றி. பாகதீர் 1910-இல் இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் ஹள்ரமீக் குடும்பத்தில் பிறந்து, 1934-இல் எகிப்து சென்று, 1969-இல் அங்கேயே மறைந்தவர். இந்நாவல் 1945-இல் வெளிவந்தது. எகிப்தியப் பள்ளிகளில் பாடநூலாகவும் இருந்தது. 1961-இல் திரைப்படமாகவும் வந்தது. இது நம்மைத் தவறச் செய்த நூல் என்பதற்காக இதன் பெருமையைக் குறைக்கமாட்டோம். பிழை நாவலுடையதன்று, படித்தவருடையது.

குதுஸின் இளமையைப் பற்றி வரலாற்று நூல்களில் கிடைப்பது ஒரு கைப்பிடி அளவே. திமிஷ்கில் இப்னுஸ் ஸயீம் என்பவரிடம் அடிமையாக இருந்தார். ஒருநாள் எஜமானர் அறைந்தபோது அடக்கமாட்டாமல் அழுதார். அடிக்காக அழவில்லை, என் முன்னோரை ஏசியதற்காக அழுகிறேன், நான் மம்தூதின் மகன் மஹ்மூத், குவாரிஸ்ம் ஷாவின் உறவினன் என்றார். இவ்வளவே. இந்த ஒரு கைப்பிடி விதையிலிருந்து பாகதீர் ஒரு தோப்பையே வளர்க்கிறார். ஜலாலுத்தீன் குவாரிஸ்ம் ஷா 1221-இல் செங்கிஸ்கானிடம் தோற்று, குதிரையோடு சிந்து நதியில் பாய்ந்து இந்தியக் கரை சேர்ந்தது வரலாறு. அதனுடன் மஹ்மூத், ஜிஹாத் என்னும் இரு குழந்தைகளையும் ஆற்றைக் கடக்கவைத்து, ஸலாமா அல்-ஹிந்தி என்னும் முதிய பணியாளரின் காவலில் நம் மண்ணில் சில காலம் விளையாடவிடுவது கதை. அக்குழந்தைகள் பின்னர் கடத்தப்பட்டு, அடிமைச் சந்தையில் குதுஸ் என்றும் ஜுல்லனார் என்றும் பெயர் மாற்றி விற்கப்படுகிறார்கள். அரச குடும்பத்துப் பிள்ளையை விலை பேசும் அந்தச் சந்தை அத்தியாயத்தைப் படித்த மாணவன், ‘மம்லூக்’ என்னும் சொல்லின் பொருளை அகராதியில் தேட வேண்டியதில்லை.

இந்நாவலில் வரும் மற்றொரு பெரியார் கற்பனையல்லர். ஷைகு இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). மங்கோலியரை எதிர்க்கப் பொதுமக்களிடம் வரி பெறலாமா என்று குதுஸ் கேட்டபோது, அமீர்கள் தங்களிடமுள்ள பொன்னையும் அணிகளையும் முதலில் எடுத்து வைக்கட்டும், கருவூலம் தீரட்டும், அதன் பிறகே ஏழையின் கையிலுள்ளதைக் கேளுங்கள் என்று தீர்ப்பளித்தார்கள். இது வரலாற்று நூல்களில் உறுதியாக உள்ள செய்தி. ஜுல்லனாரின் மரணத்தைச் சொல்லி மக்களை அழவைத்த அந்த மேடையில் இந்த ஃபத்வாவைச் சொல்லியிருந்தால், அழுகை குறைந்திருக்கும். ஊரிலுள்ள செல்வர்கள் சற்று நெளிந்திருப்பார்கள். அதற்காகவேனும் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

‘வா இஸ்லாமாஹ்’வை அரபு படிக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டாயமாகவே கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: நாவலை முடித்தவுடன் ‘அஸ்-சுலூக்’கில் அவ்வாண்டுகளுக்குரிய பக்கங்களையும் படிக்க வேண்டும்.

நாம் பரிந்துரைக்காதவையும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தையும் ஸஹாபாக்களின் காலத்தையும் வைத்து எழுதப்பட்டவை அவை. ஸைதானின் ‘அத்ராவு குறைஷ்’, ‘ஙாதத்து கர்பலா’ போன்றவற்றை இளையோர் கையில் கொடுக்க நம் மனம் ஒப்பவில்லை. குதுஸின் வாயில் ஒரு பொய்ச் சொல்லை வைத்தால் கெடுவது வரலாறு. அத்தலைமுறையினரின் வாயில் வைத்தால் கெடுவது மார்க்கத்தின் ஆதாரம். தம்மீது பொய்யுரைப்பவரைக் குறித்து நாயகம் (ஸல்) விடுத்த எச்சரிக்கையை அறிந்தவர் இதில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

பெரியவர்களுக்கு, மம்லூக்குகளின் எழுச்சியைப் படித்த கையோடு அவர்களின் வீழ்ச்சியையும் படிக்குமாறு சொல்வோம். ஜமால் அல்-கீதானி 1974-இல் நூலாக வெளியிட்ட ‘அஸ்-ஸைனீ பரகாத்’ அதற்குரியது. 1517-இல் உதுமானியர் கெய்ரோவைக் கைப்பற்றுவதற்கு முந்திய ஆண்டுகளின் கதை. பரகாத் இப்னு மூஸா என்னும் முஹ்தஸிப் உண்மையில் வாழ்ந்தவர். அந்நாட்களை நேரில் கண்டு எழுதிய இப்னு இயாஸின் நூலில் வருபவர். சந்தையில் விலையைக் கண்காணிக்க வந்த அவர், ஒற்றர்களைக் கொண்டு வீடுகளையும் உள்ளங்களையும் கண்காணிக்கத் தலைப்படுவதைக் கீதானி எழுதுகிறார். அஸ்ஹரில் பயிலும் ஸயீத் என்னும் ஏழை மாணவன் அக்கண்காணிப்பில் நசுங்கிப்போகிறான். 1967-ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் தம் நாட்டைப் பற்றி நேரே எழுத இயலாத ஒருவர், நான்கரை நூற்றாண்டுக்கு அப்பால் நின்றுகொண்டு எழுதியது இது. பழைய ஆணைகளின் நடையையும் வரலாற்றாசிரியர்களின் நடையையும் அவர் கையாண்டிருக்கும் திறத்தை அரபு அறிந்தோர் மூலத்திலேயே சுவைக்க வேண்டும். அல்லாதோர் 1988-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை நாடலாம். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மை ஸயீதின் கதை பல நாட்கள் உறங்கவிடவில்லை.

எகிப்தை விட்டு வெளியே செல்ல விரும்புவோர்க்கு ஒன்றே ஒன்று சொல்வோம்: ரள்வா ஆஷூர் 1994, 1995-ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘கர்னாத்தா’ முப்பகுதி நாவல். 1492-இல் வீழ்ந்த கர்னாத்தா நகரில் சுல்தான்கள் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் சாதாரண மக்கள். கிதாபுகளுக்கு அட்டை கட்டும் அபூ ஜஃபர் என்னும் முதியவர், தாம் வாழ்நாளெல்லாம் கட்டிய நூல்கள் பாபுர் ரம்லா சதுக்கத்தில் தீயிடப்படுவதைக் காண்கிறார். நூல்கள் எரிக்கப்பட்டது வரலாறு. அபூ ஜஃபர் கற்பனை. எனினும் அங்கே அவரைப் போன்ற ஒருவர் இருந்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. இவரால் எந்தச் சுல்தானின் வரலாறும் மாறவில்லை. எவர்மீதும் பொய் ஏறவில்லை. ஜுல்லனாரையும் அபூ ஜஃபரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இருவகைக் கற்பனைகளுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

மேடையில் தவறிய அந்த ஆண்டுக்குப் பிறகு நம் வகுப்பில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம். ‘வா இஸ்லாமாஹ்’வும் ‘அஸ்-சுலூக்’கின் முதற் பாகமும் நூலகத்தில் ஒரே தட்டில் இருக்கும். ஒன்றை எடுப்பவர் மற்றதையும் எடுக்க வேண்டும். படித்து முடித்தபின் ஒரு தாளில் மூன்று கட்டம் வரைந்து, வரலாற்றில் உள்ளது, கதையில் மட்டும் உள்ளது, தெரியவில்லை என்று பிரித்து எழுதித் தர வேண்டும். தொடக்கத்தில் மாணவர்கள் இதனைச் சுமையாகவே கருதினர். பிறகு ஒருவரை ஒருவர் மடக்குவதில் அவர்களுக்கு ஆர்வம் வந்துவிட்டது. “ஹஜ்ரத், இவர் ஸலாமா அல்-ஹிந்தியை முதல் கட்டத்தில் எழுதிவிட்டார்” என்று ஒருவர் வந்து முறையிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு மாணவரின் தாளில் மூன்றாம் கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அடிமைச் சந்தைக்கு வரும் முன்னர் ஷஜருத்துருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் என்ன என்று எழுதியிருந்தார். நம்மிடமுள்ள கிதாபுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தோம். அவர் அதனைச் சரியான கட்டத்தில்தான் எழுதியிருந்தார்.